பழைய டி.வி. பெட்டி: அறுப்பதா, காப்பதா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பழைய பொருள் ஒன்று வீட்டில் கிடந்தால் இரண்டு வகை ஆலோசனை வரும். "சும்மா கிடப்பதற்கு அதை வைத்து உபயோகமாக ஏதாவது செய்" என்பார் ஒருவர். "தொடாதே, இன்னும் பத்து வருஷம் போனால் நல்ல விலை பெறும்" என்பார் மற்றொருவர். ஷட்டர் வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பற்றியும் இந்த இரண்டு கட்சிகள் உண்டு. தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகன் என்ற முறையிலும், இயற்பியல் மாணவன் என்ற முறையிலும் இந்த வழக்கில் எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

முதலில் பெட்டியை அறிமுகம் செய்துவிடுகிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் வசதியான வீடுகளின் கூடத்தில் வந்து அமர்ந்தவை சாலிடேர், டயனோரா போன்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். 1980-களின் முற்பகுதி வரை தொலைக்காட்சி வைத்திருக்க அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். நான்கு மரக்கால்கள், ப்ளைவுட் உடம்பு, அதன்மேல் வெனீர் ஒட்டிப் போட்ட பாலிஷ், திரைக்கு முன்னால் இழுத்துச் சாத்தும் ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு. அந்த ஷட்டரே ஓர் அருமையான தச்சு வேலை. மெல்லிய மரச்சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பின்பக்கம் துணி ஒட்டியிருப்பார்கள். வளைந்த காடியில் அது பாய் சுருள்வது போல ஓடி மறையும்.

மரத்தை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. அக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ளிருக்கும் உலோகச் சட்டகம் வீட்டு மின்சாரத்தோடு நேராகவே தொடர்பு கொண்டிருந்தது. தொட்டவர் கை பிழைத்தது உலர்ந்த மரம் நடுவில் நின்றதால்தான். வால்வுகளின் சூடு வெளியேறுவதற்காகப் பின்பலகையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஆகவே பெட்டி வேறு, கருவி வேறு என்று பிரித்துவிட முடியாது. பெட்டியும் கருவியின் ஓர் உறுப்பே.

இனி எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். 2014-இல் நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டை இடித்தார்கள். கதவு, ஜன்னல்களைக் கழற்றும் வேலை அப்பாவுக்கு வந்தது. அங்கே விறகுக் குவியலில் ஒரு டி.வி. பெட்டி கிடந்தது. பிக்சர் டியூபும் செம்புக் கம்பியும் அதற்கு முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டன. அரைநாள் கூலிக்குப் பதிலாக அந்தக் கூட்டை அப்பா கேட்டு வாங்கி வந்தார். உள்ளே இரண்டு பலகை வைத்தார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டின் ஒரே அலமாரி. ரேஷன் கார்டு, பத்திரம், என் மதிப்பெண் பட்டியல், தங்கையின் பாடப்புத்தகம் எல்லாம் அதற்குள்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படித்த புத்தகங்களுக்கெல்லாம் அந்தப் பெட்டிதான் நூலகம்.

சென்ற ஆண்டு பழம்பொருள் சேகரிக்கும் பெரியவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், "அடடா, எவ்வளவு நல்ல பெட்டி! இதிலே போய்ப் பலகை வச்சுப் பாழாக்கிட்டீங்களே!" என்றார். அப்பா பதில் பேசவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. "ஐயா, அப்பா எடுத்துவராமல் இருந்திருந்தால் இது அன்றைக்கே அடுப்புக்குப் போயிருக்கும்" என்றேன். அப்பா மெல்ல எழுந்துபோய்ப் புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தார். பலகைகளைக் கையாலேயே தூக்கி வெளியே எடுத்தார். ஓர் ஆணிகூட இல்லை! உள்ளே பழைய திருகுத் துளைகளிலேயே ரீப்பர் கட்டை பொருத்தி, அதன்மேல் பலகையை உட்கார வைத்திருந்தார். "நல்ல மரத்திலே தேவையில்லாம ஆணி அடிக்கக் கூடாதுங்க" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பெட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மன்னிச்சுக்குங்க. இதை விட நல்லா நான் வச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இதைப் படிக்கும் நண்பர்கள், 'அப்படியானால் நீ அறுக்கும் கட்சிதானே?' என்று நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம். இந்த ஆண்டு தை மாதத்தில் வேறொன்று நடந்தது.

ஒருவர் ஆட்டோவில் ஒரு ஷட்டர் டி.வி.யை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். உள்ளே இருப்பதை எறிந்துவிட்டு மீன்தொட்டி வைக்க வேண்டும் என்றார். கூலி 3,500 ரூபாய். பின்பலகையைத் திறந்து பார்த்தேன். பிக்சர் டியூப், வால்வுகள், ஸ்பீக்கர், சானல் மாற்றும் திருகு எல்லாம் அப்படியே இருந்தன. பலகையின் உட்புறம் சர்க்யூட் படம்கூடக் கிழியாமல் ஒட்டியிருந்தது. பாடப்புத்தகத்தில் கோடுகளாகப் பார்த்த எதிர்மின்கதிர்க் குழாயை முழுக் கருவியாக அன்றுதான் கண்டேன். 1897-இல் பிரௌன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி செய்த குழாயின் வழித்தோன்றல் அது.

அப்பாவைத் தனியே அழைத்து, "இதை அறுக்க வேண்டாம்ப்பா" என்றேன்.

"பொருள் அவங்களுது தம்பி. நாம எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"பொருள் அவங்களுதுதான். உளி நம்முடையதுதானேப்பா?"

அந்த வாரம் பட்டறையில் வேறு வேலை எதுவும் இல்லை. அது எனக்கும் தெரியும். அப்பா சிறிது நேரம் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே போய், "அண்ணே, இது முழுசா இருக்கு. இதை அறுக்க மனசு வரலை. தொட்டிக்குத் தனியா ஒரு ஸ்டாண்டு செஞ்சு தர்றேன்" என்றார். வந்தவர் சம்மதிக்கவில்லை. அதே ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்துக் காயலான் கடையில் அந்தப் பின்பலகையைப் பார்த்தேன். அருகில் கழுத்து உடைந்த பிக்சர் டியூபும் கிடந்தது. இருபது ரூபாய் கொடுத்துச் சர்க்யூட் படத்தோடு பின்பலகையை மட்டும் வாங்கி வந்தேன். அப்பா அதைப் பார்த்தார். போன கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இப்போது இரு கட்சிக்கும் என் பதிலைச் சொல்கிறேன். கூடு மட்டும் மிஞ்சியிருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக், 1986-இல் பழைய வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி ஒரு 'ரோபோ குடும்பம்' செய்தார். தாத்தா பாட்டி உருவங்களுக்குப் பழங்காலக் கூடுகளைப் பயன்படுத்தினார். அவற்றைப் பார்த்துப் பாழாக்கினார் என்று யாரும் சொல்வதில்லை, கலை என்கிறார்கள். அதே வேலையைக் கூலித் தச்சர் புத்தகத்துக்காகச் செய்தால் மட்டும் பாழாகிவிடுமா?

ஆனால் உயிர் உள்ள கருவியை அறுப்பது வேறு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஹில்லியார்டு என்ற ஊரில் பழந்தொலைக்காட்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்து, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பெட்டிகளைக்கூடப் பழுது நீக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டிகளுக்கு அப்படி ஒரு வீடு கிடைக்க வேண்டுமானால், முதலில் சில பெட்டிகளாவது முழுதாக மிஞ்ச வேண்டாமா? தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பைச் சில இடங்கள் தவிர 2022-க்குள் நிறுத்திவிட்டது. ஆயினும் செட்டாப் பாக்ஸுடன் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்னும் சிறு கருவியை இணைத்தால், பழுது நீக்கிய பழைய பெட்டியில் இன்றும் படம் வரும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல ஆண்டு கிடந்த பெட்டியை எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகாதீர்கள். உலர்ந்துபோன மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும். பிக்சர் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகும் சிறிது காலம் அது தங்கியிருக்கும். டியூபுக்குள் வெற்றிடம் இருப்பதால், அடிபட்டால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சிதறும். ஆகவே தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே எதையும் செய்யுங்கள்.

எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பொருள்கள் பெரும்பாலும் இரண்டாவது கையாகவே வந்து சேருகின்றன. படம் ஓடிய காலத்தில் அந்தப் பெட்டி எங்களுடையது அன்று. படம் போன பிறகுதான் எங்களுடையதாயிற்று. கண்ணாடிக்குள் வைத்துக் காப்பது ஒரு வழி. தினமும் துடைத்துப் பயன்படுத்திக் காப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் விதி ஒன்றே: பின்னால் வருகிறவர் நினைத்தால் பழைய நிலைக்குத் திருப்பும்படி வேலை செய்ய வேண்டும்.

நண்பர்களே! உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். உளியை எடுக்கும் முன் பின்பலகையைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். காலியாக இருந்தால் புத்தகம் அடுக்குங்கள். நிறைந்திருந்தால் மூடிவையுங்கள்; என்னிடம் ஒரு சொல் சொல்லுங்கள். சர்க்யூட் படத்தோடு வந்து சேர்கிறேன்.