தோற்றவர் வகுத்த வழி

வென்றவர் புகழை உலகம் எளிதிற் பாடும். தோற்றவர் வகுத்த வழியை எளிதில் நினையாது. சதுரங்க நூல்களிற் காணும் பழைய ஆட்டமொன்று இவ்வெண்ணத்தை என்னுள் எழுப்பிற்று.

1855ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் அவ்வாட்டம் நிகழ்ந்தது. வெள்ளைக் காய்களை ஆடியவர் ஜான் காக்ரேன் என்னும் ஸ்காத்லாந்து வழக்கறிஞர். கறுப்புக் காய்களை ஆடியவர் மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காள அந்தணர். நம் நாட்டுப் பழைய முறையிற் பயின்று, பின்னர் ஐரோப்பிய முறையைக் கற்றவர் அவர்.

அப்பழைய முறையிற் காலாள் முதல் நகர்விலும் ஓரடியே செல்லும். சங்கரன்கோவிலில் என் பாட்டனார் எனக்குக் கற்பித்ததும் அதுவே. விடுதித் தோழர் சிலர் அதனை நாட்டுப்புறத்தார் அறியாமை என்று நகைப்பர். அவர்கள் பானர்ஜியின் முதல் மூன்று நகர்வுகளை நோக்குவாராக. குதிரை வெளிவந்தது, அரசன் பக்கத்துக் குதிரைக்குரிய காலாள் ஓரடி சென்றது, அரசிக்கு முன்னின்ற காலாள் ஈரடி பாய்ந்தது. பழைய பழக்கமும் புதிய விதியும் ஈண்டுக் கைகோத்தன. ஓரடி சென்ற காலாள் விட்ட இடத்தில் மந்திரி அமர்ந்து, மூலைவழியே பலகை முழுதும் நோக்கினான்.

17ஆம் நகர்வில் காக்ரேனின் குதிரை பகையரசன் அருகே பாய்ந்தது. பானர்ஜி வெள்ளை மந்திரி ஒன்றை வெட்டினார். உடனே அக்குதிரை கறுப்பரசனை அடுத்திருந்த காலாளை வெட்டிற்று. தொலைவினின்று வெள்ளையரசி காத்தமையின், அரசன் அதனைத் தொடவியலவில்லை. பானர்ஜி தம் குதிரையால் அவ்வரசியையே தாக்கினார். அரசி விலகுவாள் என்றே எவரும் எண்ணுவர்.

ஆயின் முடிவு மூன்றே நகர்வில் உளது. வெள்ளைக் குதிரை விலகவே, குதிரையும் அரசியும் ஒருங்கே அரசனைத் தாக்கும். அவன் மூலைக்கு ஓடுவான். அரசி அவனருகே சென்று தன்னைப் பலியிடுவாள். யானை அவளை வெட்டியே தீரவேண்டும். குதிரை மீண்டும் பாய, ஆட்டம் முடியும். அரசன் தப்ப வழியில்லை. அவனுடைய யானையும், காலாளும், பெரிதும் நம்பிய அந்த மந்திரியுமே வழியடைத்து நிற்பர்!

இதனால் பானர்ஜியின் வழி பிழை எனலாமோ? 67 ஆண்டுகள் கழித்து, 1922இல், வியன்னா நகரத்து எர்ன்ஸ்ட் கிரூன்பெல்டு அதே தொடக்கத்தை அரங்கேற்றினார். உலக வல்லவர் பலர் அதனை இன்றும் ஆடுகின்றனர். அதன் பெயர் கிரூன்பெல்டுக்கு உரியதாயிற்று. அதனை உள்ளிட்ட இனத்திற்கு மட்டும் 'இந்தியத் தடுப்பு' என்னும் பெயர் நிலைத்தது. ஓர் ஆட்டத்தின் தோல்வி ஒரு வழியின் தோல்வியன்று. ஓரடி வைத்து நடப்பது அறியாமையுமன்று.