பாடத்துக்குள்ளே என்ன இருக்கிறது

களுபோவில ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக மாணவர்கள், எது விஞ்ஞானப் பாடம் என்று தாங்களே தீர்மானிக்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். ஒவ்வொரு பாடத்திலும் எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்றுக்கும் சராசரி எடுத்தால் இசட் புள்ளி. ஆனாலும் வகைப்படுத்தல் இங்கேயும் நடந்திருக்கிறது. முன்பே வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். நான்கில் இரண்டு, அதாவது அரைவாசி. இரண்டும் உயிரியல் என்று ஒன்றானதும் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. இரண்டு காலத்திலும் படிப்பித்தவள் நான். எதை எந்தத் தலைப்பின் கீழ் வைக்கிறோம் என்பதில் பிள்ளையின் பலமும் பலவீனமும் இடம் மாறிவிடும் என்று அப்போதே கண்டுகொண்டேன்.

வெள்ளவத்தையில் என்னிடம் ரியூசன் படித்தவர்களின் பிள்ளைகள் சிலர் இப்போது அமெரிக்காவில் பட்டப்படிப்பு முடித்து, அங்கே வைத்தியபீடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே ‘ஆம்காஸ்’ என்ற பொது விண்ணப்பத்தில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் மாணவரே வகைப்படுத்த வேண்டும். உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் என்ற நான்கு வகைக்குள் வருபவை சேர்ந்து விஞ்ஞான ஜீபிஏ ஆகும். எந்தத் துறை நடத்தியது என்பதை விட்டுவிட்டு, முதன்மையாக என்ன கற்பிக்கப்பட்டது என்று பார் என்கிறது விதி. இத்தனை வருடத்தில் நான் பார்த்த பரீட்சை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

“ரீச்சர், சைக்கோலொஜி டிப்பார்ட்மென்ட் பாடம். பயோலொஜி எண்டு போடலாமோ?”

“பாடத்திட்டத்தை அனுப்பும், பாத்திட்டுச் சொல்லுறன்.”

வந்ததும் வாரம் வாரமாக வாசிப்பேன். நரம்புக் கலம், நரம்பிணைப்பு, ஓமோன், மூளையின் உடற்கூறு என்றே பெரும்பாலான வாரங்கள் போனால் அது உயிரியல். தயங்காமல் போடச் சொல்வேன். இரண்டு வாரம் மூளை, மிச்சமெல்லாம் ஆளுமையும் குழந்தை வளர்ப்பும் என்றால் அது சமூக, நடத்தை விஞ்ஞானம். அதே துறை நடத்தும் புள்ளிவிபரவியலோ கணிதத்தில் சேரும். பலர் அதைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். உயிர்இரசாயனத்துக்கு மண்டையை உடைக்கத் தேவையில்லை, எந்தப் பக்கம் போனாலும் நான்குக்குள்தான். போசணைதான் என்னை அதிக நேரம் உட்கார வைக்கும். வழமையாக அது சுகாதார விஞ்ஞானம், நான்குக்கு வெளியே. அனுசேபத்தையே முழுதாகப் படிப்பித்த பாடம் என்றால் மட்டும் வாதாட இடமுண்டு.

சந்தேகமான பாடத்தை எப்படியாவது உள்ளே தள்ளிவிடத் துடிக்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். 60 கிரெடிட்டில் 3.6 வைத்திருப்பவர், 4.0 எடுத்த மூன்று கிரெடிட் பாடமொன்றைச் சேர்த்தால் 228ஐ 63ஆல் வகுக்க வேண்டும்: 3.62. இவ்வளவுக்காகப் பொருந்தாத பெயரை ஒட்டுவதா? சரிபார்ப்பவர்கள் வகையை மாற்றவும் கூடும். அதேநேரம் தனக்கு உரியதை விட்டுக்கொடுக்கவும் நான் விடுவதில்லை. பயத்தில் நல்ல உயிரியல் பாடத்தை வெளியே வைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களோடுதான் நான் கூடுதலாக மல்லுக்கட்டுவது.

ஒஸ்டியோபதி வைத்தியபீடங்களுக்கான ‘ஆக்கோமாஸ்’ விஞ்ஞான ஜீபிஏயில் கணிதத்தைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரே பிள்ளைக்கு இரண்டு விஞ்ஞான ஜீபிஏ வரலாம். கணிதத்தில் சறுக்கியவருக்கு அங்கே கொஞ்சம் மூச்சுவிடலாம்.

இப்போது முதலாம் வருடத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு பாடத்திட்டத்தையும் அந்தந்தத் தவணையிலேயே சேமித்து வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடினால், வேறொரு விரிவுரையாளர் எழுதிய வேறொரு பாடத்திட்டம்தான் கையில் கிடைக்கும்.