தாங்குவது எது?

‘தாங்குதல்’ என்ற சொல்லுக்குப் பாரம் சுமத்தல், துன்பம் பொறுத்தல் என இரு பொருளும் உண்டு. பட்டறையில் பேரிங் எனப்படுவதைக் கலைச்சொல் ‘தாங்கி’ என்கிறது. அவற்றுள் திரஸ்ட் பேரிங், சுழலும் தண்டின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தை ஏற்பது. கப்பலில் புரொப்பெல்லரின் உந்துவிசை கப்பலைச் சேர்வது அதன் வழியே. செங்குத்துத் தண்டு கொண்ட நீர்மின் நிலையத்தில் டர்பைன், ஜெனரேட்டர் இரண்டின் சுழலும் பாகங்களும் நீரின் அழுத்தமும் அதன் மேல்தான்.

பழைய பேரிங்குகள் பெருஞ்சுமையில் உராய்ந்து சூடேறின. ஆஸ்திரேலியாவின் மிச்செல் 1905இலும், அமெரிக்காவின் கிங்ஸ்பரி 1910இலும் காப்புரிமை பெற்றனர். தனித்தனியே அவர்கள் கண்ட விடை ஒன்றே: தாங்கும் தட்டைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் சற்றே சாயவிடுவது. சாய்ந்த இடைவெளியில் சுழற்சி இழுத்துவரும் எண்ணெய் ஆப்பாகப் புகுந்து, உலோகத்தை உலோகம் தொடாமல் பிரிக்கிறது. பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நிலையத்தில் 1912இல் பொருத்தப்பட்ட கிங்ஸ்பரி பேரிங் ஏந்தியது 220 டன்.

சுழற்சி நின்றால் அந்தப் படலமும் இல்லை. ஆகவே தொடங்கும் கணமும் நிற்கும் கணமுமே பேரிங்குக்குக் கடினமானவை. பெரிய இயந்திரங்களில் அப்போது எண்ணெயைப் பம்பு வைத்து உட்செலுத்துகிறார்கள். ‘தாங்கி’ என்ற பெயர் உலோகத்துக்கு. தாங்குவதோ, தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்.