ஒர்வியேத்தோ: பாறைமேல் ஒரு பந்தி

உரோமை நகரிலிருந்து பிளாரன்சு செல்லும் இருப்புப் பாதையில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் பயணம் செய்தால், சமவெளியின் நடுவே, மேசையைப் போல் தட்டையான தலையுடன் ஒரு பெரும் பாறை செங்குத்தாக எழுந்து நிற்பதைக் காணலாம். பண்டைய எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டான பாறை அது. அதன் உச்சியில், விளிம்பு வரை வீடுகள் நெருங்க, ஒர்வியேத்தோ நகரம் அமர்ந்திருக்கிறது. நிலையத்தின் எதிரிலிருந்து கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டியொன்று நம்மை மேலே சேர்க்கிறது. 1888ஆம் ஆண்டில் இது தொடங்கப்பட்டபோது தண்ணீரின் எடையாலேயே இயங்கிற்றாம். மேலிருக்கும் வண்டியின் தொட்டியில் நீர் நிரப்புவார்கள். அது கனத்தால் இறங்க, கீழிருக்கும் வண்டி ஏறும். 1970இல் நின்றுபோய், 1990இல் மின்விசையால் மீண்டும் ஓடத் தொடங்கியது.

கத்தோலிக்கருக்கு இவ்வூர் எதற்காகப் பெயர் பெற்றது என்பதை வாசகர்கள் அறிவர். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை உலகத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்திய திருமடல், 1264ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்குத் தங்கியிருந்த திருத்தந்தை நான்காம் உர்பான் அவர்களால் வெளியிடப்பட்டது. பேராலயத்தையும், அதிலுள்ள திருமேனித் துகிலையும் கண்டு வணங்கவே நானும் புறப்பட்டேன். என்னை அழைத்துச் சென்றவர் என் தங்கையின் மகன். உரோமையில் மறைநூல் பயிலும் இளங்குரு. “கோயிலைப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும், மாமா. ஊரைப் பார்க்க வேண்டுமானால் இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்” என்றார். “உங்கள் விருப்பம், சாமி” என்றேன். ஐப்பசி பிறந்த நாட்கள் அவை. சுற்றிலும் குன்றுகளில் திராட்சை அறுவடை முடியும் தறுவாயில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. குடியினால் கெட்ட வீட்டில் பிறந்தவன் நான். சம்பள நாளன்று என் தந்தையார் எந்த வழியாக வீடு திரும்புவார் என்று தெருமுனையில் நின்று பார்க்கும் வேலை எனக்கிருந்தது. அவர் இறந்த ஆண்டு, என் பதினான்காம் வயதில், பங்குக் குருவின் முன் சிலுவையைத் தொட்டு, மதுவைத் தீண்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். ஐம்பது ஆண்டுகளாக அதைக் காத்து வருகிறேன். அத்தகையவன் திராட்சை மதுவுக்குப் பெயர்போன ஊரில் இரண்டு நாள் தங்கியதைத்தான் எழுதுகிறேன்.

உண்பதும் பருகுவதும் இப்பாறையின்மேல் நேற்றுத் தோன்றியவை அல்ல. உரோமையர் கி.மு. 264இல் அழிப்பதற்கு முன் இங்கு எத்ருஸ்கர் என்ற மக்களின் நகரம் இருந்தது. அவர்களுடைய கல்லறை ஒன்றை 1863ஆம் ஆண்டில் கோலினி என்பவர் கண்டுபிடித்தார். அதன் சுவரோவியங்கள் இன்று நகரின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. செத்தவருக்கான வீட்டில் தீட்டப்பட்டிருப்பது என்ன? ஒரு சமையற்கட்டு! வெட்டித் தொங்கவிட்ட மாடு, முயல், பறவைகள். திராட்சையும் மாதுளையும் பரப்பிய மேசைகள். குனிந்து எதையோ அரைக்கும் ஏவலாள், அருகே குழல் ஊதும் ஒருவன். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அம்மியருகே பாட்டு வைத்திருந்தவர்களை எண்ணி வியந்தேன். மறுமையை ஒரு விருந்தாக எண்ணியவர் நம் ஆண்டவருக்கு முன்னும் இருந்திருக்கின்றனர்.

பாறை மென்மையானது, ஆகவே மக்கள் அதைக் குடைந்துகொண்டே வந்திருக்கின்றனர். தெருக்களின் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன என்கின்றனர். வழிகாட்டியின் பின்னே இறங்கி, கழுதை சுற்றி இழுத்த ஒலிவச் செக்கின் கற்களைப் பார்த்தோம். அடுத்த குகையின் சுவரில் கையகலச் சதுர மாடங்கள் வரிசை வரிசையாகக் குடையப்பட்டிருந்தன. விளக்கு மாடங்கள் போலும் என்று எண்ணினேன். புறாக்கூண்டுகளாம்! பாறையின் பக்கவாட்டில் திறந்த சன்னல் வழியே புறாக்கள் வெளியே பறந்து, சமவெளியில் தாமே இரை தேடி உண்டு, மாலையில் கூடு திரும்பும். தீனிச் செலவு இல்லை. பகைவர் கீழே முற்றுகையிட்டிருந்தாலும், அவர்களுடைய வயலிலேயே மேய்ந்து வந்த பறவை இவர்களுடைய சட்டிக்கு வந்து சேரும். இன்றும் புறா இவ்வட்டாரத்தின் விருந்துணவு. கம்பியில் கோத்துத் தணலில் வாட்டி, கீழே வைத்த தட்டில் வடியும் நெய்யோடு ஒலிவக் காயும் காடியும் சேர்த்துக் குழம்பாக்குகின்றனர்.

உணவுக்குப் புறா உண்டு. தண்ணீருக்கு என் செய்வது? 1527இல் உரோமை சூறையாடப்பட்டபோது தப்பி இங்கு வந்த திருத்தந்தை ஏழாம் கிளமெந்து, முற்றுகை நேர்ந்தால் ஊர் தாகத்தால் சாகும் என்று அஞ்சிக் கிணறொன்றைத் தோண்டச் சொன்னார். சங்கால்லோ என்ற சிற்பி அமைத்த அக்கிணறு ஐம்பது மீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அதைச் சுற்றி ஒன்றையொன்று சந்திக்காத இரு சுழற்பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். நீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றின் வழியே இறங்கி மற்றதன் வழியே ஏறும், எதிரெதிரே முட்டிக்கொள்ளா. நான் இறங்கினேன், ஏறினேன். முழங்கால் இரண்டு நாள் அதை மறக்கவில்லை.

பசியோடு பகலுணவுக்குச் சென்றோம். ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறிய உணவகம், ஆறே மேசைகள். முதலில் ரொட்டி வந்தது. ஒரு துண்டைப் பிட்டு வாயிலிட்டேன், உப்பே இல்லை. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று வளர்ந்த நாவல்லவா? முகம் சுளித்திருப்பேன், மருமகன் சிரித்தார். உம்பிரிய நாட்டு ரொட்டிக்கு உப்பிடுவதே இல்லையாம். 1540இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் உப்பின்மேல் வரி விதித்தபோது பெருஜியா நகரத்தார் சினந்து உப்பையே துறந்தனர் என்று ஒரு கதை சொல்லுகின்றனர். வரலாற்று அறிஞர் பலர் இதை ஏற்பதில்லை. எனக்கோ அந்தக் கதையே தேவைப்படவில்லை. உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறியும் ஆட்டுப்பால் கட்டியும் வந்து, அவற்றோடு ரொட்டியை உண்டபோது காரணம் தானே விளங்கிற்று. நம் வீட்டில் சோற்றுக்கு உப்பிட்டா வடிக்கிறோம்? குழம்புக்கு இடந்தருவதற்காகச் சோறு தன் சுவையை அடக்கிக்கொள்ளவில்லையா? இவர்களுடைய ரொட்டி நம்முடைய சோறு. இது தெரிந்த பிறகு அவ்வூரில் எதுவும் எனக்கு அந்நியமாகப்படவில்லை.

அடுத்து, முட்டை சேர்க்காமல் மாவும் நீரும் மட்டும் பிசைந்து, கையால் உருட்டிய, இடியாப்ப இழையினும் தடித்த உம்பிரிக்கெல்லி வந்தது. மேலே மண்ணுக்கடியில் விளையும் கருங்காளானைத் துருவியிருந்தனர். அதன் மணத்தை ஏழை ஆசிரியனின் பேனா விவரிக்க முயலாதிருப்பதே நன்று. பின்னர் ஒரு கோழிக்கறி. அதன் பெயர் ‘குடித்த கோழி’ என்று மருமகன் மொழிபெயர்த்தார். திராட்சை மதுவில் வேகவைப்பதால் அப்பெயர். குடித்த மனிதரைக் கண்டிருக்கிறேன். குடித்த கோழியை அன்றுதான் கண்டேன்! அதை ஒதுக்கிவைத்துவிட்டு, கொண்டைக்கடலைக் கஞ்சி ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உணவகத்து அம்மையார் வெண்ணிறத் திராட்சை மது நிரம்பிய சிறு குடுவையைக் கொண்டுவந்து வைத்தார். ரொட்டியைப் போல், கேளாமலே வந்தது. என் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்க் குப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

பக்கத்து மேசையில் நான்கு கொத்தனார்கள், உடையில் சுண்ணாம்புத் தூளுடன் உண்டுகொண்டிருந்தனர். குடிகாரர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறர் கிண்ணத்தை எண்ணும் பழக்கம் என்றும் போவதில்லை, நானும் எண்ணினேன். ஆளுக்கு இரண்டு சிறு கிண்ணம். அதிலும் முதியவர் பாதி தண்ணீர் கலந்துகொண்டார். குடுவையில் கொஞ்சம் மீந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டனர். மீந்த மதுவை விட்டுவிட்டு எழுந்துபோகும் மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. நம் ஊரில் குடி, சோற்றையும் வீட்டையும் விட்டு விலகி, இருட்டில் நடக்கிறது. இங்கே அது சோற்றின் பக்கத்தில், மனைவி மக்களின் கண்முன் அமர்ந்திருக்கிறது. இதைச் சொன்னபோது மருமகன் என்னைத் திருத்தினார்: “அப்படி எளிதாக எண்ணிவிடாதீர்கள், மாமா. குடியால் அழிந்த குடும்பங்கள் இங்கும் உண்டு. நான் ஞாயிறுதோறும் செல்லும் பங்கில் அவர்களையும் பார்க்கிறேன்.” உண்மையாகத்தான் இருக்கும். வழிப்போக்கன் கண்ணுக்கு மேசை தெரியும்; வீட்டுக்குள் நடப்பது தெரியாது.

மாலையில் ஒரு பழைய மதுக்குகையைப் பார்த்தோம். மேல் தளத்தில் பழத்தை மிதித்துப் பிழிவர். சாறு குழாய் வழியே நடுத் தளத்திற்கு ஓடி அங்கே நொதிக்கும். பின் அடித்தளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். பாறையின் குளிர்ச்சியால் நொதித்தல் பாதியில் நின்றுவிட, பழத்தின் இனிப்பு மீந்துவிடும். ஆதலால் பல நூற்றாண்டுகளாக ஒர்வியேத்தோ மது என்றாலே இனிப்பு மது. கடந்த நூற்றாண்டில்தான் இனிப்பற்ற வகை முதலிடம் பெற்றது; 1971இல் அரசு இதன் பெயருக்கும் எல்லைக்கும் சட்டப் பாதுகாப்பு அளித்தது. பேராலயத்தில் இறுதித் தீர்ப்பை ஓவியமாக்கிய லூக்கா சிஞ்ஞொரெல்லிக்கு, பணத்தோடும் தங்குமிடத்தோடும் தானியமும் திராட்சை மதுவும் ஊதியமாகப் பேசப்பட்டன. அதே பேராலயத்தின் முகப்பில், இறுதித் தீர்ப்பைச் செதுக்கிய நான்காம் தூணில், காட்சிகளுக்கிடையே படர்வது திராட்சைக் கொடி. சிற்பி என்ன எண்ணிச் செதுக்கினாரோ, அதன்முன் நான் நெடுநேரம் நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையில் திருமேனித் துகில் வைக்கப்பட்டுள்ள சிற்றாலயத்தில் மருமகன் திருப்பலி நிறைவேற்றினார். ஐயத்தால் வருந்திய பிராகா நகரத்துப் பேதுரு என்னும் குரு, 1263இல் அருகிலுள்ள பொல்சேனாவில் பலியிட்டபோது, அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து துகிலை நனைத்தது என்பது வழிவழி வந்த மரபு. விழாவின் வேர் அதற்கும் முற்பட்டது. பெல்ஜிய நாட்டு லியேஜில் புனித யூலியானாவின் வேண்டுதலால் 1246லேயே அது தொடங்கியிருந்தது. உர்பான் திருத்தந்தை முன்னர் அந்த மறைமாவட்டத்தில் பணியாற்றியவர். 1964இல் ஆறாம் பவுலும், 1990இல் இரண்டாம் யோவான் பவுலும் இங்கு வந்து வணங்கிச் சென்றனர்.

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில், இராவுணவின்போது ஆண்டவர் ‘இரசம்’ பருகினார் என்று கேட்டு, அம்மா வைக்கும் மிளகு இரசம் என்றே நம்பியிருந்தேன். நமக்கு அப்பமும் இரசமும் பீடத்தில் மட்டும் காண்பவை. வீட்டுப் பந்திக்கு வந்ததில்லை. திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் கலப்பில்லாத் திராட்சை இரசமுமே வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். அன்று பீடத்தின்மேல் இருந்தவை முந்தைய நாள் அந்த மேசையில் இருந்த கோதுமையும் திராட்சையுமே. கொத்தனார் தம் மதுவில் தண்ணீர் கலந்ததும், மருமகன் கிண்ணத்தில் ஒரு துளி நீர் சேர்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாய் என் கண்முன் வந்தன.

நாங்கள் ஐந்தாறு பேரே இருந்தோம். ஆதலால் இரு வடிவங்களிலும் நற்கருணை வழங்கப்பட்டது. அப்பத்தை வாங்கினேன். அடுத்துத் திருக்கிண்ணம் என்முன் வந்தது. அது ஆண்டவரின் இரத்தம் என்று முழுமனத்தோடு நம்புகிறேன். ஆயினும் அதன் மணம் எட்டியபோது எனக்குத் தெருமுனை நினைவு வந்தது. தலைவணங்கி விலகினேன்.

வெளியே வந்ததும், “வருந்துகிறீர்களா, சாமி?” என்றேன்.

“எதற்கு, மாமா? இரண்டில் எதை வாங்கினாலும் முழுக் கிறிஸ்துவையே வாங்குகிறோம். அதை விளக்கிய அக்குவினாஸ் தோமாஸ் இந்த ஊர்ச் சாமிநாதர் மடத்தில்தான் தங்கியிருந்தார்” என்று அந்தத் திசையைச் சுட்டிக் காட்டினார்.

வியாழனும் சனியும் மக்கள் சதுக்கத்தில் சந்தை கூடும். நத்தைபோல் சுருட்டிச் சுட்ட லுமாக்கெல்லே என்ற ரொட்டிகளைக் கண்டேன். இவ்வூருக்கு நத்தை பொருத்தமானதே. உணவையும் வாழ்வையும் அவசரத்தினின்று காக்க 1999இல் ஒர்வியேத்தோவில் தோன்றிய ‘சித்தாஸ்லோ’ என்ற நகரங்களின் கூட்டமைப்பு, நத்தையையே சின்னமாகக் கொண்டது. அதன் தலைமையகமும் இங்கேதான். ஒரு பெரிய ரொட்டியும் சிறிது ஆட்டுப்பால் கட்டியும் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

இரயிலில் ரொட்டியைப் பிட்டோம். பையிலிருந்து, தங்கை மகனுக்கென்று கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலை எடுத்துத் திறந்தேன். உப்பில்லா ரொட்டியும் அவ்வூறுகாயும் ஒன்றுக்கொன்று பிறந்தவைபோல் சேர்ந்தன. மருமகன் இரண்டு ஆண்டுகளாக வீட்டு ஊறுகாயைக் கண்ணால் காணாதவர். உரோமை வருமுன் போத்தல் காலி.