வெரோ பொகெத்தேன்னு ஒரு கேப்டன்

ஸ்பெயின் பெண்கள் கால்பந்துன்னாலே எல்லாரும் 2023 உலகக்கோப்பையைப் பத்தித்தான் பேசறாங்க. எனக்கு என்னவோ வெரோ பொகெத்தே ஞாபகம்தான் வருது.

2012 அக்டோபர். யூரோவுக்குத் தகுதி பெற ஸ்காட்லாந்தோட ஆட்டம். கிடைச்ச பெனால்டியை அம்மணி கோட்டை விட்டாங்க. அவ்ளோதான்னு நினைக்கறப்ப, 122-வது நிமிஷத்துல அவங்களே கோல் போட்டு 3-2ன்னு ஜெயிக்க வச்சாங்க! 1997-க்கு அப்புறம் ஸ்பெயின் யூரோவுக்குப் போனது அப்படித்தான்.

2015 மே மாசம் ஃபிராங்ஃபர்ட் அணியோட சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அடுத்த மாசமே கனடாவுல, ஸ்பெயின் பெண்கள் ஆடின முதல் உலகக்கோப்பைக்குக் கேப்டன். மூணு ஆட்டம், ஒரே ஒரு பாயிண்ட், மூட்டை கட்டியாச்சு. கோச் இக்னாசியோ கெரெதா 1988-லேர்ந்து அதே நாற்காலி (27 வருஷம் சாமி!). தயாரிப்பு சரியில்லை, இவர் போகணும்னு 23 பேரும் சேர்ந்து அறிக்கை விட்டாங்க. போனார்.

புது கோச் ஹோர்கே வில்தா 2017 யூரோவுக்கு வெரோவைக் கூப்பிடலை. காரணம் ஆட்டம்தான்னு நான் நம்பலை. ஸ்பெயினுக்கு அவங்க அப்புறம் ஆடவே இல்லை. 2022-ல அதே வில்தா காலத்துல 15 பேர் இப்படி ஆட முடியாதுன்னு எழுதினாங்க. அதுல பலர் இல்லாமலேதான் 2023 கோப்பை வந்துச்சு. அடுத்த மாசமே வில்தாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

வெரோவோட ஊர் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. அங்க நகராட்சி ஸ்டேடியத்துக்கே அவங்க பேரை வச்சிருக்காங்க. அதுல ஆடறது ஊரோட ஆண்கள் அணி. எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம் :-)