வடமும் சங்கிலியும் பட்டையும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. கூண்டில் இறங்கியவரின் உயிர் எஃகு வடத்தில் தொங்கியது. உலகின் பழைய சுரங்கங்களில் அவ்விடத்தில் இரும்புச் சங்கிலி இருந்தது. ஒரு கண்ணி தெறித்தால் முன்னறிவிப்பின்றி எல்லாம் முடிந்தது. 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பி வடத்தைப் புகுத்தினார். வடத்தில் ஓரிரு கம்பிகளே முதலில் அறும். அது கண்ணுக்குத் தெரியும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று ஊரார் பலர் வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். சிலர் பழைய கார் வாங்குகின்றனர். கார் எஞ்சினுக்குள் வழக்கு தலைகீழாகிறது. கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் செயின் எண்ணெயில் நனைந்து ஓடும். தேய்ந்து நீண்டால், காலையில் வண்டியைக் கிளப்பும்போது பெரும்பாலும் கடகடக்கும். டைமிங் பெல்ட்டோ இழை பொதிந்த ரப்பர். மூடிக்குள் ஓசையின்றி ஓடி, பல வேளைகளில் ஓசையின்றியே அறும். பல எஞ்சின்களில் அக்கணமே பிஸ்டன் மோதி வால்வுகள் வளையும்; பழுதுச் செலவு வண்டியின் விலையையே எட்டலாம். அதனால் செயினே மேலென்பதும் அவசரம்தான்: எண்ணெய் மாற்றாதவனிடம் அதுவும் நிலைக்காது, மாற்றுவதற்கும் பெல்ட்டைவிடச் செலவு மிகுதி.

சுரங்கத்தில் வடத்தைச் சோதித்து ஏட்டில் பதிய ஆளிருந்தது. கைமாறி வரும் காருக்கு அத்தகைய ஏடு பெரும்பாலும் இருப்பதில்லை. பெல்ட் மாற்றிய தேதி தெரியாவிடில், வாங்கிய வாரமே புதியது போடச் சொல்வார் நல்ல மெக்கானிக்.