பேசாலையில் இரு பானைக் கூழ்

விருந்துக்கு அழைப்பு வந்தால் மகிழாதார் உண்டோ? ஆயினும் மச்சம் உண்ணும் வீட்டில் மரக்கறி உண்பவன் ஒருவன் போய்த் தங்குவதென்றால், அழைத்தவர்க்கும் அழைக்கப்பட்டவனுக்கும் உள்ளூர ஓர் அச்சம் இருக்கவே செய்யும். 2024ஆம் ஆண்டு நத்தாருக்கு மன்னார்த் தீவிலுள்ள பேசாலைக்குப் புறப்பட்டபோது அவ்வச்சம் என்னோடு கூடவே வந்தது.

என் தங்கை அங்கே ஒரு கத்தோலிக்கக் கடற்றொழிற் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் சைவ உணவினன் என்பது அவர்கள் யாவரும் அறிந்ததே. ஆனால் 2023ஆம் ஆண்டு ஆவணியில் எங்கள் வீட்டுப் பசுவின் நாம்பன் கன்று இறைச்சிக்கு விலைபோயிற்று. அன்று முதல் பால், தயிர், நெய் யாவற்றையும் விட்டேன். கூச்சத்தால் எவருக்கும் சொல்லவில்லை. அவ்வாண்டு நத்தாருக்குச் சென்றபோது, தங்கையின் மாமியார் எனக்கென்றே புதுப்பானையில் நெய்ச்சோறும் பாற்பாயசமும் ஆக்கியிருந்தார். நான் இரண்டையும் ஒதுக்கினேன். சம்பலில் மாசி, கேக்கில் முட்டையும் பட்டரும். ஒரு வாழைப்பழத்துடன் எழுந்துவிட்டேன். மாமி ஒன்றும் பேசவில்லை. குசினிக் கதவின் பின்னே அவர் கண்ணைத் துடைத்ததைத் தங்கைதான் கண்டாள். "அண்ணா, நீங்கள் நாளைக்குப் போய்விடுவீர்கள். நான் இந்த வீட்டில் வாழவேண்டியவள்" என்றாள். அச்சொல் ஓராண்டு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே இம்முறை பத்து நாள் முன்னதாகவே மாமியுடன் நானே தொலைபேசியிற் பேசினேன். கன்றின் கதையைச் சொன்னேன். "இது உங்கள் சமையலின் குறையன்று, மாமி, என் மனத்துக்கு நான் வைத்துக்கொண்ட விரதம்" என்றேன். சற்றுநேரம் மௌனம். பிறகு, "தபசுகாலத்திலே நாங்களும் இறைச்சியை விடுகிறவர்கள்தானே, தம்பி. விரதம் எனக்குத் தெரியாததா? போன வருஷமே சொல்லியிருக்கலாமே!" என்றார்.

வீட்டார் அனைவருக்கும் போதுமான பயற்றம் பணியாரத்துடன் யாழ்ப்பாணத்திற் பேருந்து ஏறினேன். முன்னாளிற் பாதைப்படகில் ஏறிக் கடந்த கடனீரேரியை, 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் இன்று நொடியிற் கடக்கவைக்கிறது. பூநகரியின் வயல்களும் பற்றைக்காடுகளும் கழிந்தன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் சந்தியில் மனத்தாற் கும்பிட்டேன். தாம்போதியின் இருமருங்கும் மார்கழி விருந்தினராய்ப் பூநாரைகள் நின்றன. தீவுக்குள் நுழைந்ததும் வீதியோரத்துக் கழுதைகள் வரவேற்றன. அப்பால் தலைமன்னார் வீதி நெடுகப் பனைகள். பேசாலையை நெருங்குமுன்னே கருவாட்டு மணம்.

வீட்டிற் பாலன் குடில் சோடித்திருந்தார்கள். நடுச்சாமப் பூசைக்கு நானும் கோவிலுக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்தேன். மறுநாட் பந்தியில் அவர்களுக்கு மீனும் இறைச்சியும். எனக்குத் தேங்காய்ப்பாலிற் சமைத்த கத்தரிக்காயும் பருப்பும் மாசி சேராத சம்பலும். நம் சமையலில் தேங்காய்ப்பால் இருக்கும்வரை மாட்டுப்பாலை விட்டவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பந்தியிலிருந்த முதியவர் ஒருவர், "கடல் தந்ததை வேண்டாமென்பது ஏன், தம்பி?" என்று வினவினார். கன்றின் கதையை மட்டும் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இரவெல்லாம் அலையோடு போராடி உழைத்தவர்களின் உணவைப் பார்த்து முகஞ்சுளிக்க எனக்கு என்ன உரிமை? அவர் தலையசைத்துவிட்டு, என் பணியாரத்தில் இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மாலை ஒடியற்கூழ். மீனும் நண்டும் இறாலும் இல்லாத கூழை அவ்வீட்டார் கண்டதில்லை. மாமி இரண்டு பானைகளை அடுப்பேற்றினார். மரவள்ளிக்கிழங்கும் பயற்றங்காயும் முருங்கையிலையும் ஒருபிடி அரிசியும் இரண்டிலும் வெந்தன. ஊறவைத்துக் கசப்பு நீக்கிய ஒடியல் மாவும், அரைத்த மிளகாயும், புளியும் இரண்டிலும் கலந்தன. மச்சம் பெரிய பானைக்கு மாத்திரமே. அகப்பைகளும் இரண்டு, மாறாதிருக்க என்னுடையதன் காம்பில் மாமி ஒரு நூல் கட்டியிருந்தார். முற்றத்திற் பாய்விரித்து எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து, பனையோலைப் பிளாவிற் குடித்தோம். மச்சான் என் பானையிலும் ஒரு பிளா வாங்கிக் குடித்து, "இதுவும் கூழ்தான்" என்று தீர்ப்பளித்தார். தங்கை சிரித்தாள். அவள் அவ்வீட்டில் மனமாரச் சிரிப்பதை அன்றுதான் கண்டேன்.

வாசகர்களே, கொள்கையை மறைத்து வைத்துப் பந்தியில் வெளிப்படுத்தினால் அது அழைத்தவரைப் புண்படுத்துகிறது. முன்னதாகச் சொன்னால் அவர் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குகிறார். சென்ற ஆண்டு மாமியின் கண்ணீருக்குக் காரணம் என் விரதமன்று, என் மௌனமே.

புறப்படும்போது மாமி ஒரு பொதி ஒடியல் மாவைக் கையிற் தந்தார். "சின்னப் பானையைக் கழுவிப் பரணில் வைத்திருக்கிறேன், தம்பி. அதை வேறு ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அடுத்த நத்தாருக்கும் வாரும்" என்றார்.